குழாயில் வரும் சுண்ணாம்பு எத்தனை கிராம்? கடின நீரை அளந்து சமாளிக்கும் வழி

கீசர் சூடாக முன்பைவிட நேரம் எடுக்கிறது. ஷவரில் பாதித் துளைகள் அடைத்துவிட்டன. சோப்பு நுரைப்பதில்லை. கண்ணாடி டம்ளரை எத்தனை முறை துடைத்தாலும் வெள்ளைப் புள்ளி போகவில்லை. நான்குக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: தண்ணீரில் கரைந்து வரும் கால்சியமும் மெக்னீசியமும். இதைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதை வாங்குவதற்கும் முன்னால் தெரிய வேண்டியது ஓர் எண்தான்: உங்கள் குழாய்த் தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று. அது கையில் இருந்தால் மீதியெல்லாம் பெருக்கல் கணக்கு.

அந்த எண் என்ன சொல்கிறது

கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் சேர்த்து, அவை முழுவதும் கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் எவ்வளவு எடை வரும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் வழக்கம். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 61 முதல் 120 வரை ஓரளவு கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். ஆழ்துளைக் கிணற்று நீரில் 400, 600 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆய்வக அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை இல்லாமல் கால்சியமும் மெக்னீசியமும் தனித்தனியாக இருந்தால், கால்சியத்தை 2.5 ஆலும் மெக்னீசியத்தை 4.1 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். கால்சியம் 80, மெக்னீசியம் 30 என்றால் 200 + 123 = 323. பாத்திரம் கழுவும் இயந்திரம், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் கையேடுகள் வேறு அலகுகளில் பேசும். ஒரு ஜெர்மன் டிகிரி 17.8 மில்லிகிராம், ஒரு பிரெஞ்சு டிகிரி 10, அமெரிக்கக் கேலனுக்கு ஒரு கிரெயின் என்றால் 17.1. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து இயந்திரத்தை அமைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு.

இனி கிராம் கணக்கு. ஒரு நாளில் ஓர் இடத்தில் செலவாகும் லிட்டரைக் கடினத்தன்மையால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால், அந்த வழியாகப் போகும் சுண்ணாம்பின் (கால்சியம் கார்பனேட்டின்) எடை கிராமில் கிடைக்கும். கீசர் வழியாக ஒரு நாளைக்கு 100 லிட்டர், கடினத்தன்மை 300 என்றால் 30 கிராம், மாதத்துக்கு 900 கிராம். இது முழுவதும் உள்ளே தங்கிவிடாது, பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும். பத்தில் ஒரு பங்குதான் படிகிறது என்று வைத்தாலும் வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் பொருக்கு சேர்ந்துவிடும்.

எவ்வளவு படியும் என்பதைச் சொல்வது அறிக்கையில் இருக்கும் இன்னொரு வரி: மொத்தக் காரத்தன்மை, அதாவது பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டின் அளவு. தண்ணீர் சூடாகும்போது கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. அதுதான் கெண்டியின் அடியில் இருக்கும் வெள்ளை. இந்தப் பகுதிக்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பெயர். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கொதிக்க வைத்தாலும் கரைசலிலேயே இருக்கும், அது நிரந்தரக் கடினத்தன்மை. கடினத்தன்மை 300, காரத்தன்மை 180 என்றால் 180 தற்காலிகம், மீதி 120 நிரந்தரம். காரத்தன்மை கடினத்தன்மைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் முழுவதும் தற்காலிகமே. அப்படிப்பட்ட தண்ணீர்தான் கீசருக்கு எமன். சோப்புக்கு இந்த வேறுபாடெல்லாம் கிடையாது, இரண்டுமே நுரையைக் கொல்லும்.

அளக்கும் முறை

டி.டி.எஸ். மீட்டரை வைத்துக் கடினத்தன்மையை அளக்க முடியாது. அது மின்கடத்தலை அளந்து, ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, மொத்தக் கரைந்த உப்பு என்று காட்டுகிறது. அந்த உப்பு சோடியமா கால்சியமா என்று அதற்குத் தெரியாது. டி.டி.எஸ். 900 காட்டும் தண்ணீர் சோடியம் மிகுந்து மென்மையாக இருக்கலாம், 400 காட்டும் தண்ணீரில் 300 மில்லிகிராம் கடினத்தன்மையே இருக்கலாம். நன்றாக வேலை செய்யும் சாஃப்ட்னரிலிருந்து (தண்ணீரை மென்மையாக்கும் கருவி) வரும் தண்ணீரிலும் டி.டி.எஸ். ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். 'மெஷின் போட்டும் மீட்டர் இறங்கவில்லை' என்ற புகாரில் பாதி இதனால் எழுவது.

தேவையானது சொட்டு முறைக் கிட். மீன்தொட்டிச் சாமான்கள் விற்கும் இடங்களிலும் கிடைக்கும். பல கிட்டுகளில் 5 மில்லி மாதிரி எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஒரு சொட்டுக்கு ஒரு ஜெர்மன் டிகிரி என்ற கணக்கு பரவலானது, ஆனாலும் உங்கள் கிட்டின் தாளைப் பாருங்கள். 14 சொட்டில் நிறம் மாறினால் 14 × 17.8, அதாவது ஏறத்தாழ 250. துல்லியம் கூட வேண்டுமானால் 10 மில்லி எடுத்து, வரும் சொட்டு எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சொட்டு 25-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் மாதிரியில் சம அளவு காய்ச்சி வடித்த நீர் கலந்து மறுபடி செய்து, விடையை இரட்டிப்பாக்குங்கள்.

நிறம் சட்டென மாறாமல் இழுத்துக்கொண்டே போனால் மருந்து பழசாகியிருக்கலாம், தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கலாம், அல்லது இரும்போ செம்போ குறுக்கிடலாம். கடைசிச் சில சொட்டுகளை நிதானமாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் சில நொடி குலுக்குவது நல்லது. காகிதப் பட்டை 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்ற அளவுக்கு உதவும், சாஃப்ட்னர் அளவைத் தீர்மானிக்கப் போதாது.

மாதிரியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது கிட்டைவிட முக்கியம். வடிகட்டி எதையும் தொடாத குழாயில், இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஆழ்துளைக் கிணறும் பொது வழங்கலும் ஒரே தொட்டியில் கலக்கும் வீடானால் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், கலவையின் எண் நாளுக்கு நாள் மாறும். கோடையில் ஒரு முறை, மழைக்காலத்துக்குப் பின் ஒரு முறை அளந்து, அதிகமானதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கடினத்தன்மையின் தலையில் போடக் கூடாத பழிகள்

தண்ணீர் பால்போல் வெளுத்து வந்து, டம்ளரில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் மஞ்சளாகிச் செம்மண்டி அடியில் தங்கினால் இரும்பு. கறுப்புப் படலம் மாங்கனீசைக் காட்டும். வாஷ்பேசினில் நீலப் பச்சைக் கறை என்றால் செப்புக் குழாயோ பித்தளைப் பாகமோ அரிக்கிறது, அது மென்மையான, அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் அதிகம் நடப்பது.

அழுகிய முட்டை வாடை சுடுதண்ணீரில் மட்டும் வந்தால் மூலத் தண்ணீரை விட்டுவிட்டுக் கீசருக்குள் பாருங்கள். சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவும், தொட்டி அரிக்காமலிருக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியக் கம்பியும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். பச்சைத் தண்ணீரிலும் அதே வாடை இருந்தால் கிணற்றையும் தொட்டியையும்தான் பார்க்க வேண்டும்.

குடிப்பதற்கு ஆபத்தானவை பெரும்பாலும் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. ஆனால் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஃபுளோரைடுக்கு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக்குக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இந்த மூன்றையும், கூடவே கோலிஃபார்ம் கிருமியையும் ஆய்வகத்தில் பார்த்தே ஆக வேண்டும். கிருமி ஆய்வுக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள், உள்ளே இருக்கும் துளி மருந்தைக் கழுவிவிடாதீர்கள் (அது குளோரினை முறிக்க வைத்தது), குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நைட்ரேட் இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில் பயனில்லை, நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடும்.

தலைமுடி கொட்டுவதையும் சிறுநீரகக் கல்லையும் கடின நீரோடு கட்டிவிடுவது எல்லோருக்கும் பழக்கம். கல் விஷயத்தில் போதிய தண்ணீர் குடிக்காததுதான் பெரிய காரணம், கடினத்தன்மைக்குத் தெளிவான சான்று இல்லை. கடின நீரில் குளித்தால் சோப்பு மண்டி தோலிலும் முடியிலும் ஒட்டும், முடி சொரசொரக்கும், அது உண்மை. ஆனால் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள 336 குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சாஃப்ட்னரும் பொருத்தியதால் கூடுதல் பலன் தெரியவில்லை. தோல் நோய்க்கு மருந்தாக நினைத்து சாஃப்ட்னர் வாங்காதீர்கள்.

கீசர்

சேதத்தின் பெரும்பங்கு நடப்பது இங்கேதான். காரணம் எளிது: கால்சியம் கார்பனேட் சூட்டில் குறைவாகக் கரையும், மிகச் சூடான பரப்பு ஹீட்டர் காயில். பொருக்கு வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே ஏற, உறை வெடித்துக் காயில் எர்த்தோடு ஷார்ட் ஆகிறது. 'கீசர் தொட்டால் ஷாக் அடிக்கிறது' என்பதில் பலமுறை நடந்திருப்பது இதுதான். கொதிக்கும் பானையைப் போல கடமுடவென்று சத்தம் வந்தால், பொருக்குக்கு அடியில் சிக்கிய நீர் ஆவியாகி வெடிக்கிறது என்று பொருள், சுத்தம் செய்யும் நாள் தள்ளிப்போய்விட்டது.

வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டத் தாண்டப் படிவு வேகமெடுக்கும். அதனால் குமிழை உச்சத்தில் வைத்து, பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பது படிவை விலை கொடுத்து வாங்குவது. அதற்காக மிகவும் குறைக்கவும் கூடாது. வெதுவெதுப்பில் நாள்கணக்காகத் தேங்கும் பெரிய தொட்டியில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அப்படிச் சேமித்து வைக்கும் கீசருக்கு 60 டிகிரிதான் நடுநிலை. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அந்தச் சூடு நேராகத் தோலில் படாதபடி குழாயில் கலந்து வர வேண்டும்.

கடினத்தன்மை 300-க்கு மேல் என்றால் வருடம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். உத்தரவாதம் இருக்கும் காலத்தில் நிறுவனத்தின் ஆளை வைத்தே செய்யுங்கள். மின்சார வேலையில் பழக்கம் இல்லாதவரும் அப்படியே. பழக்கம் இருந்தால் வரிசை இது:

1. கீசருக்குரிய எம்.சி.பி.யை (மின் பலகையில் இருக்கும் துண்டிப்பான்) இறக்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.
2. சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, ஆறும் வரை பச்சைத் தண்ணீரை உள்ளே ஓடவிடுங்கள். பிறகு நுழைவு வால்வை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்தே வைத்து, வடிகால் வழியாகக் காலி செய்யுங்கள். குழாய் மூடியிருந்தால் காற்று புகாமல் தண்ணீர் பாதியில் நின்றுவிடும்.
3. மூடியைக் கழற்றி, வயர் இணைப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட்டை உருவுங்கள். காயிலைத் தாங்கும் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்துங்கள். உள்ளே இன்னும் ஓரிரு லிட்டர் இருக்கும், கீழே வாளி வையுங்கள்.
4. காயிலில் கட்டியாக இருப்பதை மரத்துண்டால் மெல்லத் தட்டி உதிருங்கள். சுத்தியலோ கத்தியோ வேண்டாம், உறையில் விழும் கீறலே அடுத்த அரிப்பின் தொடக்கம்.
5. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) என்ற கணக்கில் கரைத்து, காயில் பகுதியை மட்டும் ஊறவையுங்கள். மின் முனைகள் நனையக் கூடாது.
6. தொட்டியின் அடியில் கிடக்கும் துண்டுகளைக் கையால் வாரி எடுத்துக் கழுவி விடுங்கள்.
7. மெக்னீசியக் கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக்கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்றுங்கள். அதைத் தவிர்த்தால் அடுத்து அரிப்பது தொட்டிதான்.
8. புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். பழைய கேஸ்கெட் ஒரு முறை அமுங்கிய பிறகு சரியாக அடைக்காது.
9. தண்ணீர் நிரப்பி, சுடுநீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராக வரும் வரை ஓடவிட்டு, கசிவு பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் காயில் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பாதுகாப்பு வால்வின் நெம்புகோலையும் சில மாதத்துக்கு ஒரு முறை தூக்கி, தண்ணீர் பீறிடுகிறதா என்று பாருங்கள். பொருக்கு அதையும் அடைக்கும். அடைத்த வால்வோடு ஓடும் கீசர் ஆபத்தானது.

எலுமிச்சை உப்பா, வினிகரா

ஒரு கிராம் சுண்ணாம்பைக் கரைக்க ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிராம் எலுமிச்சை உப்பு வேண்டும். 100 கிராம் போட்ட கரைசல் 70 முதல் 77 கிராம் வரைக்கும்தான் தாங்கும். நுரைப்பு நின்றும் படிவு மிச்சமிருந்தால் கரைசல் தீர்ந்துவிட்டது, இன்னும் ஒரு நாள் ஊறப்போட்டுப் பலனில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதும் தவறு. கால்சியம் சிட்ரேட் சூட்டில் குறைவாகக் கரைவதால், கரைந்த சுண்ணாம்பு இன்னொரு வெள்ளைப் பொடியாகத் திரும்ப வந்து உட்காரும். கை பொறுக்கும் சூடு போதும்.

5 சதவீத வினிகர் 100 மில்லி ஏறத்தாழ 4 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஷவருக்குச் சரி, கீசருக்குப் போதாது. நுரைக்கவே இல்லை என்றால் அது சல்பேட் அல்லது சிலிக்காப் படிவாக இருக்கலாம். அதை இந்த அமிலங்கள் அசைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் எங்கே வேலை தொடங்கினாலும் முதலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கெண்டிக்கு லிட்டருக்கு 30 கிராம், அரை மணி நேரம், பிறகு ஒரு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டால் போதும். அலுமினியப் பாத்திரத்தில் செய்யாதீர்கள். ஷவர் தலையைக் கழற்றி ஊறவைப்பது நல்லது. கழற்ற முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். குரோம் பூச்சு உள்ளதில் அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், பூச்சு மங்கும். குழாய் முனையில் திருகியிருக்கும் சல்லடையை மறந்துவிடுகிறோம். தண்ணீர் மெலிந்து வந்தால் பிளம்பரைக் கூப்பிடும் முன் அதைக் கழற்றிப் பாருங்கள்.

பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் படிவைப் போலவே கால்சியம் கார்பனேட்தான். அவற்றின்மேல் எந்த அமிலமும், எலுமிச்சைச் சாறுகூட, படக் கூடாது. படிவு போகும், அதோடு பளபளப்பும் போகும். கழிவறைக்கு விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஸ்டீலிலும் குழாயிலும் டைல்ஸ் இடுக்கிலும் ஊற்றாதீர்கள். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடோ பிளீச் திரவத்தோடோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. முந்தைய நாள் பிளீச் போட்டிருந்தாலும் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் அமிலத்தைத் தொட வேண்டும்.

துணியும் அடுப்பும்

சோப்பு கால்சியத்தைச் சந்தித்தால் கரையாத மண்டியாகிவிடும். கால்சியம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் மிச்ச சோப்பு அழுக்கைத் தொடும். துணி சாம்பல் நிறமாவதும் துண்டு விறைப்பதும் அதனால்தான். வாளியில் துவைப்பவர்கள் சோப்பைக் கூட்டுவதற்குப் பதில் முதலில் சலவை சோடா போடுவது சிக்கனம். 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 106 மில்லிகிராம் நீரற்ற சோடா வேண்டும். 40 லிட்டர், 300 கடினத்தன்மை என்றால் 12 கிராம் சுண்ணாம்பு, ஆக 13 கிராம் சோடா. கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு சோப்புத் தூள். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது.

இயந்திரத்தில் இந்த முறை அவ்வளவு நல்லதல்ல, உருவாகும் பொடி டிரம்மிலும் ஹீட்டரிலும் தங்கும். அதற்குரிய டிடர்ஜென்டில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. பொட்டலத்தில் கடின நீருக்கென்று போட்டிருக்கும் அளவைப் பின்பற்றினால் போதும். மாதக்கணக்கில் படிந்ததை எடுக்க, கையேடு அனுமதித்தால் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் காலி டிரம்மில் போட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு சுற்று ஓட்டுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கடினத்தன்மை எண்ணைச் சரியாக அமைத்து, அதற்கென்று விற்கும் பரல் உப்பை மட்டும் போடுங்கள். பொடி உப்பில் சேர்க்கும் கட்டிபிடிக்காத பொருள் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

பருப்பு வேகாமல் அடம்பிடித்தால் கால்சியம் அதன் பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் மென்மையான தண்ணீர் வேண்டும். தற்காலிகக் கடினத்தன்மை உள்ள நீரை ஐந்து பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடிமண்டியை விட்டு மேலாக எடுத்தாலே போதும். சமையல் சோடா போடுவதானால் லிட்டருக்குக் கால் டீஸ்பூனைத் தாண்டாதீர்கள், கூடினால் தயமின் (வைட்டமின் பி1) சத்து அழியும், ருசியும் கெடும்.

சாஃப்ட்னர் வாங்கும் முன் ஒரு கணக்கு

வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் மென்மையாக்க அவசியமில்லை. சூடாகும் தண்ணீரும் துவைக்கும் தண்ணீரும்தான் பிரச்சினை. கழிவறைக்கும் தோட்டத்துக்கும் போகும் தண்ணீரை மென்மையாக்குவது உப்பைச் சாக்கடையில் கொட்டுவதுதான். கடினத்தன்மை 400, மொத்தச் செலவு 500 லிட்டர் என்றால் நாளுக்கு 200 கிராம். குளியல், துணிக்கு மட்டும் 200 லிட்டரைப் பிரித்தால் 80 கிராம்.

சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், உப்பு நீர் விட்டால் பழையபடி ஆகும். ஒரு லிட்டர் ரெசினுக்கு 96 கிராம் உப்பு போட்டால் ஏறத்தாழ 45 கிராம் சுண்ணாம்பைத் தாங்கும். 240 கிராம் போட்டால் 68 கிராம். உப்பு இரண்டரை மடங்கு, பலன் ஒன்றரை மடங்கு. குறைந்த உப்பில் அடிக்கடி கழுவுவதே லாபம். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,125 கிராம் கொள்ளளவு: முழு வீட்டுக்கு ஐந்தரை நாள், பிரித்த குழாய்க்குப் பதினான்கு நாள். கொஞ்சம் இருப்பு விட்டு, முன்கூட்டியே கழுவிவிடுங்கள்.

கைமுறை சாஃப்ட்னரில் முதலில் பத்து நிமிடம் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு அழுக்கை வெளியேற்ற வேண்டும். இந்த அளவுக்கு 2.4 கிலோ உப்பை சுமார் 22 லிட்டரில் கரைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக இறக்குங்கள். வேகமாக விட்டால் உப்பு வேலை செய்யாமலே வடிந்துவிடும். பிறகு கரிப்பு முற்றிலும் போகும் வரை அலசி, சொட்டுக் கிட்டில் ஒரு முறை பார்த்துவிட்டுப் பயன்பாட்டுக்குத் திருப்புங்கள்.

தானியங்கியில் உப்பு அப்படியே இருந்தும் தண்ணீர் கடினமாக வந்தால், உப்புத் தொட்டியில் மேலே கட்டிபிடித்துக் கீழே வெற்றிடம் விழுந்திருக்கும். கம்பால் குத்திப் பாருங்கள். கட்டியில்லை என்றால் உப்பு நீரை உறிஞ்சும் இன்ஜெக்டரில் மண் அடைத்திருக்கும். குழாயில் பழுப்பு மணிகள் வந்தால் உள்ளே இருக்கும் சல்லடை உடைந்துவிட்டது. இரும்பு உள்ள தண்ணீர் ரெசினைப் பூசி மழுக்கிவிடும், இரும்பை முன்னாலேயே வடிகட்ட வேண்டும்.

மென்மையாக்கிய தண்ணீரில் ஒவ்வொரு மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 0.46 மில்லிகிராம் சோடியம் ஏறும். 400 என்றால் 184, நாக்குக்குக் கரிப்பு தட்டும் 200-க்குப் பக்கம். உப்பைக் குறைக்கச் சொன்ன நோயாளிகள் இருக்கும் வீட்டிலும், குழந்தைக்குப் பால்பொடி கரைக்கும் வீட்டிலும் சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள். பூஜ்யம் வரை இறக்கவும் வேண்டாம், குழாய் அரிப்புக்கு அது இடம் கொடுக்கும். ஐந்தில் ஒரு பங்கு மூலத் தண்ணீரைக் கலந்தால் 80-இல் நிற்கும்.

பாலிபாஸ்பேட் உருளை கடினத்தன்மையைக் குறைக்காது, படிகம் வளர்வதைத் தள்ளிப்போடும். ஷவருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மலிவான வழி, ஆனால் மிகுந்த சூட்டில் சிதைந்துவிடுவதால் கொதிக்கும் கீசரில் அதிகம் நம்ப வேண்டாம். குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தமும் மின்காந்தச் சுருளும் கடினத்தன்மையைத் துளியும் மாற்றுவதில்லை. படிவைக் குறைக்கிறதா என்ற ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அந்தப் பணத்தில் பல வருடத்துக்கு எலுமிச்சை உப்பு வாங்கலாம்.

ஆர்.ஓ. குடிநீருக்கு மட்டும். டி.டி.எஸ். 600-க்குள் இருந்து, நைட்ரேட், ஃபுளோரைடு போன்றவை வரம்புக்குள் இருந்தால் அது தேவையே இல்லை, கிருமிக்கு வேறு எளிய வழிகள் உண்டு. பொருத்தியே ஆக வேண்டுமென்றால், கடினம் மிகுந்த தண்ணீரில் உள்ளே உப்பை வடிக்கும் சவ்வான மெம்ப்ரேனும் பொருக்கு கட்டும். உற்பத்தி மெல்ல மெல்லக் குறைந்து கழிவு நீர் கூடினால் அதுதான் அறிகுறி. கழிவு வழியை அடைத்துச் சிக்கனம் செய்யப் பார்த்தால் மெம்ப்ரேன் இன்னும் சீக்கிரம் போகும். வெளியேறும் நீரில் சுண்ணாம்பின் செறிவு மூலத்தைவிட அதிகம் என்பதால் கழிவறையில் ஊற்றவும் தரை துடைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கீசருக்குப் போகும் தொட்டியில் திருப்பி விடாதீர்கள்.